முதலில் போகவேண்டியது

இரவு ஒன்பது பத்து.
அமரர் கந்தப்போடி நேசதுரையின் மீசைக்கு
வெளிச்சம் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தோராம் நாள் மலர்,
விடிய அச்சகத்துக்குப் போகோணும்.
மேசைக்குக் கீழே
ஈரப் பட்டாசு ஒன்று வெடித்தமாதிரிச் சத்தம்.
மறுகா
கல்லடி முழுக்க வெளிச்சம்,
எங்கட வீடு மட்டும் இருட்டு.

பக்கத்து வீட்டு டீவிக்குள்ளே சிரிக்கிறார்கள்.
பிளாஸ்டிக் கருகின மணம்,
அதோடு ஒள்ளுப்பம் மீன் மணமும்.
போன் வெளிச்சத்தில் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால்
பல்லி ஒன்று என்னைவிடப் பயந்து ஓடுது.
மூன்று அறைக்கும் குசினிக்கும் ஒரே பிரேக்கர்,
வயரிங் செய்தவர் எங்களுக்கு மிச்சம் பிடித்துத் தந்தது.
தூக்கினேன், விழுந்தது.
இன்னொருக்கா தூக்க
இன்னும் கோபமாய் விழுந்தது.
மூன்றாம் தரம் நான் கை வைக்கவில்லை.

கட்டாரிலிருந்து கிருபைராசன்:
"ஒண்டையும் தொடாத. நாளைக்கு ஆளனுப்புறன்."
நாளைக்கென்றால் அச்சகம் காத்திருக்காது,
செத்த மனுசனுக்கும் நாள் தள்ள ஏலாது.

எல்லாப் பிளக்கையும் பிடுங்கினேன்.
ரவுட்டரின் இரண்டு கால் பிளக்கையும்,
மேலோட்டையில் பேனையைக் குத்தி
ஒரு நாள் ஏமாற்றி உள்ளே விட்டதை.
பிரேக்கரைத் தூக்கினேன். நின்றது.
அப்ப, சுவருக்குள்ளே பிழையில்லை.
பிரிஜ்ஜைக் கொளுவினேன். உறுமியது, நின்றது.
மொனிட்டர். நின்றது.
பிரிண்டர் நித்திரையால் எழும்பி
வெறும் தாளொன்றைத் துப்பிப்போட்டு நின்றது.
ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து மட்டும் எண்ணினேன்.
கடைசியாய் சிபியூ.
டக்.

ஆளைப் பிடித்தாச்சென்று
இருட்டில் கதிரையில் குந்தின பிறகுதான்
அந்தக் கேள்வி வந்தது:
ஒரு பெட்டிக்குள்ளே வெடித்ததற்கு
ஒரு வீடு ஏன் அணையோணும்?
இரண்டுக்கும் நடுவில்
முதலில் போகிறதுக்கென்றே ஒருத்தன் இருக்கிறானே,
கண்ணாடி உடம்பும் மயிர்க்கம்பி உயிருமாய்.
அவன் எங்கே?
செருப்புத் தேயவில்லை,
கால் தேய்ந்திருக்கு.

பிளக்கைக் கழற்றினேன்.
கடற்காற்றில் ஸ்குரூ துருவேறி
கத்தி முனைக்குத்தான் மசிந்தது.
பித்தளையில் பச்சை.
பியூஸ் கிடக்கவேண்டிய இடத்தில்
தங்க நிறத்தில்
இறுக்கிச் சுருட்டின ஏதோ ஒன்று.

விரித்தேன்.
டொபிக் கடதாசி.
யதுமிதாவின் நாலாம் பிறந்தநாள் டொபி,
இப்ப அவளுக்கு எட்டு.
அவர் பயணம் போக முந்தின கிழமை
அடுத்தடுத்து இரண்டு பியூஸ் போனது.
கடையும் பூட்டியிருந்தது.
"இனிப் போகாது" என்று
கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

போகவில்லைதான்.
கரண்ட் போய்ப்போய் வந்த மாரி இரவுகளில்,
கடலுக்கு மேலே இடி நடந்துவந்தபோதும்
எதையும் மறிக்காமல்
வந்ததெல்லாம் உள்ளே விட்டிருக்கு.
அந்த இரண்டு பியூசும்
என்ன சொல்லிக்கொண்டு செத்ததென்று
நாங்கள் கேட்கவில்லை.
மூன்றாவதின் வாயில்
டொபிக் கடதாசியை அடைத்தோம்.

கடதாசியைப் படமெடுத்து அனுப்பினேன்.
இரண்டு நீலச் சரி.
எழுதுகிறார்.
நின்றது.
எழுதுகிறார்.
"பிள்ளை படுத்திட்டாளா?"

விடிய ஹார்ட்வெயார் கடையில்
மூன்று அம்பியரில் இரண்டு, ஐந்தில் இரண்டு கேட்டேன்.
"பதின்மூன்றைப் போடுங்க தங்கச்சி,
அதுதான் சும்மா சும்மா போகாது."
சும்மா போகிறதில்லை அண்ணே என்றேன்.
அவர் மிச்சக் காசை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது.
தவராணி வீட்டுக் கம்பியூட்டரில் கொளுவிப் பார்த்தால்
நேசதுரையின் மீசை
ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் கறுப்பு,
சத்தம் கேட்ட அந்த இடத்தில் அப்படியே.
திருத்த நேரமில்லை. அச்சாகிவிட்டது.
முந்நூறு பிரதி.
அவரின் மனிசி மட்டும்
படத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து,
"ஓம், ஒரு பக்கம்தான் மை பூசுவார்" என்றா.